கானாடுகாத்தான் வளவில் சூனியக்காரிகள் மீதான வழக்கு

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவில், மாலைச் சிற்றுண்டியோடு சேர்த்து 300 ரூபாய் கட்டணத்தில் நடத்தப்படும் கதைசொல்லல் நிகழ்ச்சி இது. மூன்று பெண்களும் ஒரு பெரிய தராசும்தான் மேடை. மேற்கு நாடுகளில் சூனியக்காரிகள் என்று பெண்களைப் பிடித்து விசாரித்த கதையை, நீதிபதிகளின் தோரணையிலேயே, முகத்தில் சிரிப்பின் சுவடின்றிச் சொல்கிறார்கள்.

முதல் பகுதி அபாரம். 1485இல் இன்ஸ்புருக்கில் ஹெலனா ஷாய்பெரின் என்ற பெண், ஹைன்ரிஷ் கிராமர் என்ற சமய விசாரணை அதிகாரியை முகத்துக்கு நேரே ஏசினார். அவருடைய பிரசங்கத்துக்கும் போக மறுத்தார். சூனிய வழக்குப் போட்ட கிராமர், அப்பெண்ணின் படுக்கையறையைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டதில் சக அதிகாரிகளே முகம் சுளித்தார்கள். வழக்குத் தள்ளுபடியானது, ஆயரும் கிராமரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். "ஏசினதுக்கா இம்புட்டு?" என்று நடிகை வெற்றிலையை மடித்தபடி கேட்கும் இடத்தில் வளவே அதிர்ந்தது. அந்த ஆத்திரத்தோடு கிராமர் எழுதிய 'மல்லேயுஸ் மலெஃபிகாரும்' நூலில், சூனியக்காரிகள் ஆணுறுப்புகளைத் திருடிப் பறவைக் கூட்டில் வைத்துத் தீனி போட்டு வளர்க்கிறார்கள். பறிகொடுத்தவன் ஒருவன் பெரியதாகப் பார்த்து எடுக்கப் போக, அது பங்குச் சாமியாருடையது என்று தடுத்துவிடுகிறார்கள். முன்வரிசை ஆச்சிமார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தராசுக் காட்சியும் நன்று. சூனியக்காரிக்கு எடையே இராது என்று நம்பிய காலத்தில், நெதர்லாந்தின் அவுட்வாட்டர் ஊரில் பெண்களை நிறுத்து, உடல்வாகுக்கேற்ற எடை உண்டு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பார்வையாளர்களில் ஒருவரை ஏற்றி நிறுத்தபோது, "எடை இருந்தா நல்லதுன்னு சொன்ன ஒரே ஊரு அதுதான்" என்று அவர் அடித்த அடி, எழுதிய வசனங்களை விஞ்சிவிட்டது.

அமெரிக்கச் சேலம் பகுதியில்தான் சறுக்கல். நம் சேலத்து மாம்பழத்தை இழுத்த நகைச்சுவை மலிவு. அங்கே பெண்களை எரித்ததாகவும் சொல்கிறார்கள். 1692இல் நடந்தது தூக்கு, 19 பேருக்கு, அவர்களில் 14 பேர் பெண்கள். தாயோடு குற்றஞ்சாட்டப்பட்டு மாதக்கணக்கில் விலங்கோடு சிறையில் கிடந்த டாரதி குட் என்ற நான்கைந்து வயதுக் குழந்தையை ஒரே வரியில் தாண்டிப் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. சிரிப்பை அங்கே நிறுத்தியிருந்தால் அதுவரை சிரித்தது எதைப் பார்த்து என்பது உறைத்திருக்கும்.

கந்தரப்பம் சூடாக இருந்தது, காபி சூடாக இல்லை. தூண்களுக்குப் பின்னால் அமர்ந்தால் பாதி வசனம் காதில் விழாது. ஆத்தங்குடித் தரையில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாதவர்கள் முன்கூட்டியே நாற்காலி கேட்டுக்கொள்ளவும். சிறு பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், பறவைக் கூட்டுக் கதை முடியும்வரை அவர்களை இரண்டாம் கட்டில் விளையாட விடலாம்.