கஞ்சாவை விடுவது: குறைத்துக் குறைத்தா, ஒரேயடியாகவா, மாலை போட்டா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலக்கெட்டில் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில், தினமும் கஞ்சா புகைக்கும் ஒருவர் விட்டுவிட நினைத்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கூட்டாளி "கொஞ்சம் கொஞ்சமா குறைடா" என்பான். அப்பா "நாளையோட நிறுத்து" என்பார். அம்மா தைப்பூசத்துக்கு மாலை போடச் சொல்வார். யாராவது ஒருவர் கெத்தும் இலையைக் காய்ச்சிய தண்ணியை நீட்டுவார். கிளினிக் என்ற பேச்சு கடைசியில்தான் வரும்.

எந்த வழியில் விட்டாலும் உடம்பு செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் புகைத்தவருக்கு, நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், படபடப்பு, வியர்வை, தலைவலி, பசியின்மை எல்லாம் தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கம் மட்டும் ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும். "அது வெறும் இலை, விட்டா ஒண்ணும் செய்யாது" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டின் 2013 பதிப்பே இதைத் தனி நிலையாகச் சேர்த்துவிட்டது.

வீட்டில் இருப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது கனவுதான். கஞ்சா, கனவு காணும் தூக்கத்தை அமுக்கி வைக்கிறது. அதை நிறுத்தியதும் அந்தத் தூக்கம் மொத்தமாகத் திரும்பி வருகிறது. இரவு இரண்டு மணிக்குச் சட்டை தொப்பலாக நனைந்து, அலறிக்கொண்டு எழுந்து உட்காருவார்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் அம்மாவுக்கு அது காத்து கருப்பாகத்தான் தெரியும். மறுநாள் மந்திரிக்கக் கூட்டிப் போவார். மந்திரிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பையனுக்கு என்ன நடக்கிறது என்று அந்த அம்மாவுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், பாதி பயம் குறைந்திருக்கும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

குறைத்துக் குறைத்து விடுவது கேட்க நியாயமாக இருக்கும். அதிகம் புகைப்பவர்களுக்கு மருத்துவர்களே சில நேரம் அப்படிச் சொல்வதுண்டு, அவஸ்தை கொஞ்சம் மட்டுப்படும் என்பதால். ஆனால் நம் ஊரில் அதற்கு அளவு ஏது? பொட்டலத்துக்குப் பொட்டலம் வீரியம் மாறும். நேற்றைய பாதி இன்றைய முழுசாக இருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், குறைப்பதற்கும் வாங்கத்தான் வேண்டும். அதே ஆள், அதே செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டு ஓரம், அதே கூட்டம். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவில், உட்கொண்டதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ உண்டு. கையில் வைத்திருந்தால் அது தனி வழக்கு. விடப்போகிறேன் என்பது அங்கே செல்லாது. இந்த ஊரில் இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரேயடியாக நிறுத்துவது கடினமாகத் தெரிந்தாலும் கணக்கு நேரானது. கடுமை ஒரு வாரத்தில் கடந்துபோகும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் தினமும் சம்சுவோ பீரோ நிறையக் குடிப்பவர், குடியையும் சேர்த்துத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரக்கூடும், மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். புகையிலை கலந்து சுருட்டியவருக்கு நிக்கோட்டின் ஏக்கமும் கூடவே வரும். எரிச்சல் இரட்டிப்பாகும், அதைக் கஞ்சாவின் கணக்கில் எழுதிக்கொண்டு தோற்றுப்போவார்கள். பசி இல்லாத நாட்களில் கஞ்சியோ மைலோவோ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகட்டும். மதியத்துக்கு மேல் கோப்பி வேண்டாம். விடியுமுன் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர் முதல் வாரத்திலாவது விடுப்புக் கேட்பது நல்லது. தூங்காத கண்ணோடு அரிவாள் பிடிக்கிற வேலை அது.

மாலை போடுவதை நம் படித்தவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தனியாக நிறுத்துபவருக்குக் கிடைக்காத ஒன்று விரதக்காரருக்குக் கிடைக்கிறது: ஊரே ஒதுங்கி வழி விடும். கழுத்தில் மாலை இருக்கும்போது எந்தக் கூட்டாளியும் நீட்ட மாட்டான். காலைக் குளியல், நேரத்துக்குச் சைவச் சாப்பாடு, மாலையில் கோயில் என்று நாள் முழுக்க ஓர் ஒழுங்கு. 48 நாள் முழுசாக இருந்தால், உடம்பு தன் சண்டையை முடிக்க அது தாராளம். கஞ்சாவால் மந்தமாகிப்போன மூளை ஏற்பிகள் (மூளையில் கஞ்சா போய் ஒட்டும் இடங்கள்) ஏறக்குறைய 4 வாரத்தில் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன.

அப்புறம் ஏன் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பிய வாரமே பலர் பழையபடி ஆகிறார்கள்? விரதத்துக்கு முடியும் தேதி உண்டு, கூட்டாளிகளுக்கும் அது தெரியும். இங்கே ஒரு விஷயத்தை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இத்தனை நாள் விட்ட உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. பழைய அளவையே இழுத்தால் நெஞ்சு படபடக்கும், யாரோ பின்னால் வருவதுபோல் பயம் பிடிக்கும். மாலை கழற்றிய பிறகு வேலை முடிந்து எங்கே போவது, யாரோடு உட்காருவது என்பதை விரதத்தின்போதே பேசி வைக்காவிட்டால் அந்த 48 நாளும் வீணாகப் போகும்.

கெத்தும் தண்ணியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கெடாவில் அது வீட்டுக்கொல்லையிலேயே கிடைக்கிறது என்பதால் சாதுவாகத் தெரிகிறது. அதிலுள்ள மிட்ராஜினைன் என்ற சத்து, அபின் வகை மருந்துகள் வேலை செய்யும் அதே இடத்தில் வேலை செய்கிறது. பழகிவிட்டால் அதை விடும்போது உடம்பு வலி, நடுக்கம் எல்லாம் உண்டு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதுதான் இது.

கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) போனால் பெயர் பதிவாகிவிடுமே என்ற பயம் உண்மையானது, ஊர் சின்னது. ஆனால் 1983ஆம் ஆண்டு போதைப்பித்தர் சிகிச்சைச் சட்டமே, தானாக முன்வந்து சிகிச்சை கேட்க வழி வைத்திருக்கிறது. கஞ்சாவை விடவைக்கும் மாத்திரை என்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட எதுவும் இன்னும் இல்லை. கிடைப்பது ஆலோசனை, தூக்கத்துக்கு உதவி, புகையிலைக்கும் சிகிச்சை. சிறுநீர்ச் சோதனை பற்றியும் அங்கே கேட்டுக்கொள்ளலாம். கஞ்சாவின் சத்து கொழுப்பில் தங்குவதால், தினமும் புகைத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் சோதனை காட்டிக் கொடுக்கலாம். அதைப் பார்த்து "பொய் சொல்றான்" என்று வீட்டில் முடிவு கட்டினால் அதுவே அவனைத் திரும்பத் தள்ளிவிடும்.

என்னைக் கேட்டால், தேதி குறித்து ஒரேயடியாக நிறுத்தி, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு, தைப்பூசம் நெருங்கினால் மாலையும் போட்டுக்கொண்டு, விரதம் நடக்கும்போதே கிளினிக்கில் ஆலோசனையும் தொடங்கச் சொல்வேன். மாலை கழற்றும் நாளில் அந்தச் சந்திப்புகள் கைவசம் இருக்கும். யாரும் இல்லாமல் மனசு தவித்தால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555இல் பேசலாம். காதில் குரல் கேட்கிறது, எல்லாரும் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்பவருக்கு மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அவரை அன்றைக்கே சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.