பி450 போர்டை வைத்துக்கொள்வதா, ஏஎம்5-க்கு மாறுவதா: 2,500 வெள்ளிக்கு என் கணக்கு

என்னிடம் இருந்தது ரைசன் 5 2600, பி450 போர்டு (ஏஎம்டி-யின் பழைய ஏஎம்4 சாக்கெட்), 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு. ரொம்ப நாள் உழைத்த மெஷின். ஆனால் 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி விளையாட்டுகள் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வசதி இல்லாத கார்டில் ஓடவே ஓடாது, செட்டிங்கைக் குறைத்தாலும் பலனில்லை. அதனால் மாற்றியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. கையில் 2,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வழி இரண்டுதான். ஒன்று, அதே போர்டு, அதே ராமை வைத்துக்கொண்டு ரைசன் 7 5700எக்ஸ்3டி பிராசசரும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டும் போடுவது. இன்னொன்று, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏஎம்5 (ஏஎம்டி-யின் புதிய சாக்கெட்) போர்டு, ரைசன் 5 7600, டிடிஆர்5 ராம் என்று புதிதாகத் தொடங்கி, மிச்சப் பணத்தில் ஆர்டிஎக்ஸ் 5060 மாதிரி ஒரு 8 ஜிபி கார்டு வாங்குவது. நான் முதல் வழியில் போனேன், இங்கேயும் அதன் பக்கம்தான் பேசப் போகிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வழக்கமாக விளையாடுவதைத் திறந்து, ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) நன்றாக ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசசர். எனக்கு டோட்டா 2-வில் பத்துப் பேரும் ஒரே இடத்தில் மோதும்போது 720-இலும் அதே எண்தான், கார்டு பாதி வேலைகூடச் செய்யவில்லை. தனியாக விளையாடும் பெரிய விளையாட்டுகளில் அதற்கு நேர்மாறு, கார்டு 99 விழுக்காட்டில் மூச்சுத் திணறியது. ஆக இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒன்று மட்டும்தான் சிக்கல் என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பாதிப் பணம் மிச்சம்.

பிராசசர் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 16 எம்பி, 5600-இல் 32, 5700எக்ஸ்3டி-யில் 96. விளையாட்டில் பிராசசர் பெரும்பாலும் ராமிலிருந்து தகவல் வருவதற்குக் காத்துக்கொண்டுதான் இருக்கும், கேஷ் பெரிதாக இருந்தால் அந்தக் காத்திருப்பு குறையும். 7600 புதிய தலைமுறை, வேகமும் அதிகம், ஆனால் விளையாட்டு என்று வரும்போது இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை. ஒன்றில் இது முன்னே, இன்னொன்றில் அது முன்னே. 5700எக்ஸ்3டி புதிதாகக் கிடைப்பது இப்போது கஷ்டம், கிடைக்காவிட்டால் 5600 போட்டுக்கொள்ளலாம், 2600-இலிருந்து அதுவே நல்ல தாவல்தான்.

முடிவு பண்ணியது கார்டு. அதிலும் குறிப்பாக, பழைய போர்டில் உட்காரும் கார்டு. பலர் எஃப்பிஎஸ் சார்ட்டைப் பார்த்துக் கார்டு வாங்குகிறார்கள், ஆனால் அந்த சார்ட் எல்லாம் புத்தம் புது போர்டில் எடுத்தது. பி450 போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் பிசிஐஇ 3.0, அதாவது பழைய தலைமுறை. அதில் ரைசன் 5000 வரிசை பிராசசரைப் போட்டாலும் அது 3.0-தான், மாறாது. ஆர்டிஎக்ஸ் 5060 ஸ்லாட்டில் முழு நீளத்துக்கு உட்காரும், ஆனால் உள்ளே இணைந்திருப்பது எட்டு லேன் (தகவல் போகும் பாதை) மட்டும். 5060 டிஐ-யும் அப்படித்தான், 4060-உம் அப்படித்தான். புது போர்டில் 5.0 வேகத்தில் எட்டு லேனே தாராளம். பழைய போர்டில் அதே எட்டு லேன் நொடிக்குச் சுமார் 8 ஜிபி-தான் கடத்தும். 9060 எக்ஸ்டி-யில் பதினாறு லேனும் உண்டு, அதனால் 3.0 ஸ்லாட்டிலும் நொடிக்குச் சுமார் 16 ஜிபி கிடைக்கிறது.

சாதாரணமாக இந்த வித்தியாசம் கண்ணில் படாது. கார்டின் சொந்த நினைவகம் போதும்வரை ஸ்லாட் வழியாகப் பெரிதாக ஒன்றும் போவதில்லை. நினைவகம் நிரம்பும்போதுதான் வினை. 8 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்ச டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) எல்லாம் ராமில் போய் உட்காரும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதை ஸ்லாட் வழியாக இழுத்து வர வேண்டும், அப்போது எட்டு லேன் 3.0 என்றால் விளையாட்டு விட்டு விட்டு இழுக்கும், சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே தெரியும் ஆனால் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு வெட்டு. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 4 ஜிபி-யும் நான்கே லேனுமாக வந்து, பழைய போர்டுகளில் இப்படித்தான் அடி வாங்கியது. ஆக 8 ஜிபி, எட்டு லேன், 3.0 ஸ்லாட் மூன்றும் ஒரே மெஷினில் சேரக் கூடாது. 16 ஜிபி கார்டு என்றால் நிரம்புவதே அரிது, நிரம்பினாலும் பதினாறு லேன் இருக்கிறது. கார்டைப் போட்டதும் ஜிபியூ-இசட் என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள், பஸ் என்ற வரியில் கார்டால் என்ன முடியும், இப்போது எதில் ஓடுகிறது என்று இரண்டும் வரும். என்னுடையதில் எக்ஸ்16 5.0, ஓடுவது எக்ஸ்16 3.0.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தி மகன் இரண்டாவது வழியில் போனவன். 7600, 5060, 2025 நடுவில் வாங்கினான். "அண்ணே, செத்துப்போன சாக்கெட்டுல போய் காசக் கொட்டுறீங்களே" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏஎம்4-இல் இதற்கு மேல் போக இடமில்லை. ஏஎம்5-க்கு 2027 தாண்டியும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அவன் பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அவன் கார்டின் டிஎல்எஸ்எஸ் (சிறிய படத்தைப் பெரிதாக்கி எஃப்பிஎஸ் கூட்டும் நுட்பம்) ஆதரிக்கும் விளையாட்டுகளும் அதிகம், என் கார்டில் அதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர் 4 அந்தப் பரப்பை இன்னும் எட்டவில்லை. அவன் வீட்டுக்குப் போகும்போது விளையாடியதோடு சரி, அதனால் அவன் மெஷினைப் பற்றி நான் அதிகம் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வாங்கிய விலைக்கு இப்போது அந்த செட்டைக் கட்ட முடியாது. 2025 கடைசியில் மெமரி உற்பத்தியாளர்கள் ஏஐ சர்வர் பக்கம் சாய்ந்ததில் டிடிஆர்5 விலை எகிறிவிட்டது. டிடிஆர்4-உம் ஏறியதுதான், ஆனால் கையில் இருக்கும் ராமுக்கு யாரும் காசு கேட்கப் போவதில்லை.

5700எக்ஸ்3டி-யை நான் பழையதாகத்தான் வாங்கினேன், கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் ஆளை நேரில் சந்தித்து. அப்படி வாங்குவதென்றால் ஃபோன் விளக்கைச் சாய்வாகப் பிடித்து அடிப்பக்கப் பின்களை நான்கு திசையிலிருந்தும் பாருங்கள். வரிசை வரிசையாக நேர்க்கோட்டில் ஒளி ஓட வேண்டும், ஒரு பின் சாய்ந்திருந்தாலும் அந்த இடத்தில் கோடு உடையும். ஏஎம்4-இல் பின் பிராசசரில் இருக்கிறது, போர்டில் இல்லை. அதனால்தான் பழையதைக் கழற்றும்போதும் கவனம் தேவை. அரை மணி நேரம் ஏதாவது விளையாடி மெஷினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். குளிர்ந்திருக்கும்போது நேராக மேலே இழுத்தால் பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூடவே வரும். அப்புறம் பயோஸ் (போர்டைத் தொடங்கி வைக்கும் உள் மென்பொருள்), அதைப் பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். போர்டு நிறுவனத்தின் பட்டியலில் 5700எக்ஸ்3டி பெயரும் அதற்கு வேண்டிய பயோஸ் எண்ணும் இருக்கும்.

சூட்டையும் சொல்ல வேண்டும். இந்தப் பிராசசர் டப்பாவில் கூலர் வராது, கேஷ் அடுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் வெப்பம் சீக்கிரம் இறங்கவும் இறங்காது. செந்தூலில் என் அறையில் ஏர்கான் கிடையாது, 2600-உடன் வந்த குட்டிக் கூலர் இதற்குப் போதவில்லை, ஒரு டவர் கூலருக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள். கார்டு 160 வாட்தான், என் 550 வாட் பவர் சப்ளையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

போர்டு பி550 என்றால் ஸ்லாட் 4.0, அப்போது 5060 டிஐ 16 ஜிபி-யைத் தயங்காமல் பார்க்கலாம். ஒன்றுமே இல்லாமல் முதல் மெஷின் கட்டுபவர் ஏஎம்4 பக்கம் போக வேண்டாம், சித்தி மகன் வழியில் போய் கார்டை மட்டும் 16 ஜிபி-யாகப் பாருங்கள்.