"அப்படியே ஏறிடும் சார்" என்று விற்கப்படும் பெரிய டயர்: காசு கொடுக்கும் முன் படிக்கவும்

கம்பெனியிலிருந்து 265/70 ஆர் 17 டயரோடு, 7.5 இன்ச் அகல ரிம்மோடு வந்த ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி. உரிமையாளர் கேட்டது, கல்லும் சேறும் தாண்ட கொஞ்சம் பெரிய டயர். கடை மாட்டி அனுப்பியது 35x12.50 ஆர் 17. "இதுவும் 17 இன்ச் ரிம்முதான், அப்படியே ஏறிடும்" என்றார்கள். ஏறியது, ரிம்மில்! வெளியே வந்து முதல் முறை ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்ததும் முன் டயர் மட் ஃப்ளாப்பை அரைத்தது. திரும்பப் போனால் ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தடித்த வளையம்) மாட்டினார்கள். உரசல் கூடியது. அடுத்து லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), அதற்கடுத்து ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டை) வெட்ட வேண்டும் என்ற பேச்சு. ஒவ்வொன்றுக்கும் தனி பில். டயரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், மாட்டி ஓட்டியதை எடுக்க மாட்டோம் என்ற பதில்.

கடையின் பெயர் எதற்கு? இதே வரிசையில் ஏமாற்றும் கடைகள் நிறைய உண்டு. 'ஏறிடும்' என்ற ஒரு சொல்லில்தான் மொத்த வியாபாரமும் நிற்கிறது. கடைக்காரர் ரிம்மைச் சொல்கிறார், வாங்குபவர் வண்டி என்று கேட்டுக்கொள்கிறார்.

கணக்கை நீங்களே போடலாம். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 70 சதவீதம், அதாவது 185.5 மிமீ. மேலும் கீழும் சேர்த்து 371. ரிம் 17 இன்ச், 431.8 மிமீ. கூட்டினால் விட்டம் 802.8 மிமீ, ஏறக்குறைய 31.6 இன்ச். 35x12.50 என்பது வேறு எழுத்துமுறை, நேரடியாக இன்ச்: விட்டம் 889 மிமீ, அகலம் 317.5 மிமீ. ஆக விட்டத்தில் 86 மிமீ, அகலத்தில் 52 மிமீ கூடுதல். இரண்டு எழுத்துமுறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கடையில் இரண்டையும் ஒரே அலகில் சொல்லவே மாட்டார்கள்.

"வண்டி மூணு இன்ச் தூக்கும்" என்பது அடுத்த பொய். விட்டம் கூடியதில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும். 86 மிமீ பெரிய டயர் வண்டியை 43 மிமீதான் உயர்த்தும். 285/70 ஆர் 17 போட்டிருந்தால் விட்டம் 830.8 மிமீ, உயர்வு 14 மிமீ. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வேறு எதையும் தொடாமல் பல வண்டிகளில் உட்காரும் அளவு பெரும்பாலும் அந்த மாதிரிதான்.

ஸ்பேசர் ஏன் உரசலைக் கூட்டியது? ஸ்பேசரோ, ஆஃப்செட் குறைந்த (ஹப்பில் மாட்டும் முகம் உள்பக்கம் தள்ளி அமைந்த) ரிம்மோ, டயரை வெளியே தள்ளும். டயர் உள்பக்கம் சஸ்பென்ஷன் ஆர்மில் உரசினால் அது மருந்து. ஆனால் ஒடிக்கும்போது வீல் ஆர்ச்சின் பின்மூலையில் உரசினால், வெளியே தள்ளத் தள்ள டயரின் விளிம்பு இன்னும் பெரிய வட்டம் போடும், இன்னும் பலமாக இடிக்கும். எங்கே உரசுகிறது என்று கீழே படுத்துப் பார்க்காமல் ஸ்பேசரைக் கையில் எடுப்பவர் ஸ்பேசர் விற்கிறார், அவ்வளவுதான்.

லிஃப்ட் கிட்டும் முழுத் தீர்வு இல்லை. அது வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது, பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் அமுங்குவதை நிறுத்தும் ரப்பர்) பழையதாகவே இருந்தால் சக்கரம் பழைய இடம் வரைக்கும் மேலே போகும். கடையின் சமதளத்தில் உரசாத டயர் முதல் குறுக்குப் பள்ளத்தில் ஃபெண்டரைக் கிழிப்பது இதனால்தான். பம்ப் ஸ்டாப் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் லிஃப்ட் கிட் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

உரசாமல் இருந்திருந்தாலும் அந்த டயர் அந்த வண்டிக்கு நஷ்டம்தான். 10.7 சதவீதம் பெரிய விட்டம் என்றால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, அது முன்பு சரியாகக் காட்டியிருந்தால், உண்மையில் போவது 110 கிமீக்கு மேல். கிரவுன் பினியன் (அச்சில் உள்ள கடைசி கியர்) விகிதம் 4.10 என்றால் இனி அது 3.70 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் இழுக்காது, கிளட்ச் தேயும். பிரேக்குக்கும் அதே விகிதத்தில் பாரம் கூடும். போதாததற்கு இப்படிப்பட்ட டயர் ஒவ்வொன்றும் பழையதைவிடப் பத்து கிலோவுக்கு மேல் கூடுதலாக இருக்கலாம். முன்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும் பால் ஜாயிண்டும் டை ராடும் அதைத்தான் தாங்க வேண்டும். ரிம்மும் பொருந்தவில்லை: 12.50 அகல டயருக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது 8.5 முதல் 11 இன்ச் ரிம். 7.5 இன்ச்சில் பிடித்து மாட்டினால் நடுப்பகுதி புடைத்து, நடுவில் மட்டும் தேயும்.

அளவு சரியாக இருந்தும் ஏமாற்றுவது இன்னொரு வகை. "விட்டம் மாறாது, ரிம்மை மட்டும் பெரிதாக்கலாம்" என்று 275/55 ஆர் 20 காட்டுவார்கள். விட்டம் 810 மிமீ, உண்மைதான். பக்கச்சுவர் 185லிருந்து 151 மிமீக்கு இறங்கியதைச் சொல்ல மாட்டார்கள். மணலில் 15, 18 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கி ஓட்டுவதற்கு அந்த ரப்பர் உயரம்தான் முதல். அது குறைந்தால் கல்லின் அடி நேராக ரிம்முக்குப் போகும். சாலைக்கு அழகு, காட்டுக்கு ஆகாது.

எல்டி என்று தொடங்கும் கனரக டயர்களில் வேறு சிக்கல். 265/70 ஆர் 17 என்ற ஒரே அளவில் லோடு இண்டெக்ஸ், அதாவது தாங்கும் எடையின் குறியீடு, 115 (1215 கிலோ) உள்ள சாதாரண டயரும் உண்டு, 121 (1450 கிலோ) உள்ள எல்டி டயரும் உண்டு. அந்த 1450 கிலோ 80 பிஎஸ்ஐ காற்றில்தான். கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய அழுத்தமே போதும் என்று சொல்லி அனுப்பினால், அந்த அழுத்தத்தில் எல்டி டயர் சாதாரண டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைக் கேளுங்கள். இல்லை என்றால் அவர்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள், அது தயாரித்த தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பல டயர்களில் முழுக் குறியீடு ஒரு பக்கத்தில்தான் இருக்கும். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட நினைப்பவர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிடுவார். டயர் ரிம்மில் ஏறுவதற்கு முன்பே, தரையில் கிடக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

நான்கு கிடைக்கவில்லை என்று இரண்டு ஒரு பிராண்ட், இரண்டு வேறு பிராண்ட் தருவதும் நடக்கிறது. ஒரே எண் அச்சிட்டிருந்தாலும் பிராண்டுக்குப் பிராண்ட் உண்மையான விட்டம் மாறும். முன்னும் பின்னும் விட்டம் வேறானால், ஃபோர் வீலில் போட்டு இறுகிய தரையில் ஓட்டும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுக்குச் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) முறுக்கிக்கொள்ளும்.

பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு டயரை முன்சக்கரத்தில் மாட்டச் சொல்லுங்கள். டயரின் தோள்பட்டை (ஓடும் முகமும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பு) முழுக்கச் சாக்பீஸ் தேயுங்கள். இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள்; ரிவர்ஸில்தான் சில உரசல் தெரியும். பிறகு அந்தச் சக்கரத்தை மட்டும் ரேம்ப்பில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் மறுபடி ஒடியுங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. சாக்பீஸ் அழிந்த இடம் உரசும் இடம். உரசாவிட்டாலும் இரண்டு விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும், சேறு அப்பினால் டயர் இன்னும் தடிக்கும். இதற்குச் சம்மதிக்காத கடையில் மிச்சம் பேச எதுவும் இல்லை.

பில்லில் '17 இன்ச் டயர் 4' என்று எழுத விடாதீர்கள். முழு அளவு, லோடு இண்டெக்ஸ், வேகக் குறியீடு, ஒவ்வொரு டயரின் டாட் எண், உரசினால் திரும்ப எடுப்பதாக ஒரு வரி, எல்லாம் எழுத்தில் வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகக் கணக்குப் போடுங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி இடத்தில் 35 பெரும்பாலும் நுழையாது. பின்கதவில் தொங்கவிட்டால் கீல் அந்த எடையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஃபெண்டரை வெட்டுவதைத் தள்ளிப் போடுங்கள். ஸ்பேசரைக் கழற்றிவிட்டு சாக்பீஸ் சோதனையைச் செய்து பாருங்கள். சில வண்டிகளில் மட் ஃப்ளாப்பையும் உள் பிளாஸ்டிக் லைனரையும் நகர்த்தினாலே போதும். உலோகத்தில் தொட்டால் டயரை அதிகம் தேயும் முன் விற்றுவிட்டு 285/70க்கு இறங்குவது மலிவு.