வின்டர் சைக்கிள் பூட்ஸ் வாங்கப் போறீங்களா? 180 பவுண்டு விட்டவன் சொல்றேன், கொஞ்சம் நில்லுங்க

இப்பதான் பேங்க்ல பேசிட்டு ஃபோனை வச்சேன், இருக்கற கடுப்புல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. மான்செஸ்டர்ல சைக்கிள்ல வேலைக்குப் போற நம்மாளுங்களுக்காக குளிர் பூட்ஸ் எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு விலாவாரியா எழுதறேன்னு சொல்லியிருந்தேன்ல, அதுக்குப் பதிலா இந்தக் கதைதான் வருது.

வில்ம்ஸ்லோ ரோடு, ஆக்ஸ்ஃபோர்ட் ரோடு லேன்ல போறவங்களுக்குத் தெரியும், நவம்பர் வந்துட்டா மழை மேல இருந்து மட்டும் வராது, முன்சக்கரம் வாரி அடிக்கிற தண்ணி பூரா நேரா கால்லதான் வந்து விழும். 4 டிகிரில நனைஞ்ச சாக்ஸோட ஓட்டினா ஆபீஸ் போய் சேரும்போது கால்விரல் இருக்கா இல்லையான்னே தெரியாது. அதான் செலவானாலும் பரவால்ல, ஒருதடவை நல்லதா வாங்கிடுவோம்னு பார்த்தேன்.

கடை பேர் சொல்லல, வம்பு வேணாம். ஆன்லைன்ல மட்டும் விக்கற, எப்பப் பாரு க்ளியரன்ஸ் சேல்னு விளம்பரம் ஓடற சைக்கிள் சாமான் கடை. முழு வாட்டர்ப்ரூஃப், உள்ள மெம்ப்ரேன் (தண்ணியைத் தடுக்கற மெல்லிசு லேயர்) இருக்குன்னு போட்டிருந்தான். சாட்ல ஒரு ஆள் வந்தான் பாருங்க, அங்கதான் நான் நம்பினேன். என்ன பெடல், ரெண்டு போல்ட் கிளீட்டா (பூட்ஸைப் பெடலோட பூட்டறதுக்கு அடிசோல்ல மாட்டற துண்டு) மூணு போல்ட்டான்னு கேட்டான், தடி கம்பளி சாக்ஸ் போடணும், அதனால ஒரு சைஸ் பெருசா எடுங்க, டைட்டா இருந்தா ரத்த ஓட்டம் கொறஞ்சு இன்னும் ஜில்லுனு ஆயிடும்னான், டைட்ஸை (காலை ஒட்டின சைக்கிள் பேன்ட்) பூட்ஸுக்குள்ள சொருகாதீங்க, மேல இழுத்து விடுங்க, இல்லைன்னா கால் வழியா தண்ணி உள்ள எறங்கும்னான். நானே தினம் இதுலதான் ஓட்டறேன் மேட்னு (நண்பாங்கற மாதிரி) வேற. சொன்னது அத்தனையும் உண்மை, அதான் வயிறு எரியுது, விஷயம் தெரிஞ்சவன் ஏமாத்தியிருக்கான். கார்டுன்னா 190, நேரா பேங்க் ட்ரான்ஸ்ஃபர்னா 180ன்னான். அனுப்பிட்டேன்.

முதல் மழைலயே ரெண்டு பூட்ஸும் தொப்பல். சாக்ஸைப் பிழிஞ்சா ஊத்துது. உள்சோலைத் தூக்கிப் பார்த்தா கிளீட் ஓட்டை மேல ஒட்டற ஸ்டிக்கர்கூட இல்ல, கீழ இருந்து வெளிச்சம் தெரியுது, தண்ணியும் வருது, அந்த கிளீட் இரும்பு வழியா குளிரும் ஏறுது. பூட்ஸ் நாக்குக்கு உள்பக்கம் குட்டி லேபிள்ல வாட்டர் ரிப்பெலன்ட்னு போட்டிருக்கு. அது தூறல் தாங்கும், அவ்ளோதான், வாட்டர்ப்ரூஃப்ங்கறது வேற. சைட்ல திரும்பப் போய்ப் பார்த்தா அங்கயும் வார்த்தையை மாத்தி வச்சிருக்கான், நல்லவேளை பழைய ஸ்க்ரீன்ஷாட் என்கிட்ட இருக்கு.

கேட்டதுக்கு மொத பதில், நீங்க டைட்ஸை உள்ள சொருகியிருப்பீங்கன்னு. அடப்பாவி, சொருகாதன்னு சொன்னதே நீங்கதானடா! அடுத்து ஃபோட்டோ அனுப்புங்கன்னாங்க, அனுப்பினா வீடியோ. அப்புறம் கிளீட் மாட்டிட்டீங்க, அது யூஸ்டு, ரிட்டர்ன் கிடையாதுன்னு. சைக்கிள் பூட்ஸ்ல கிளீட் மாட்டாம பூஜைலயா வைப்பாங்க? 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் படி சொன்ன மாதிரி பொருள் இல்லைன்னா 30 நாளைக்குள்ள திருப்பிக் குடுத்து முழுக் காசும் கேக்கலாம்னு எழுதினேன், அதோட சத்தமே இல்ல, டிக்கெட் க்ளோஸ்டுன்னு ஆட்டோ மெயில் மட்டும் வருது. சாட்ல அந்த மேட்டையும் காணோம்.

பேங்க்ல என்னடான்னா பொருள் வந்துடுச்சுல்ல சார், இது ஃப்ராடு இல்ல, உங்களுக்கும் கடைக்கும் உள்ள தகராறுங்கறாங்க. கிரெடிட் கார்டுன்னா 100 பவுண்டுக்கு மேல செக்‌ஷன் 75ங்கற சட்டப் பிரிவு இருக்கு, கார்டு கம்பெனியே பதில் சொல்லணும். அந்த 10 பவுண்டு தள்ளுபடி எதுக்குன்னு இப்ப புரியுதா? 180 பவுண்டுங்க, ஊர் காசுல கிட்டத்தட்ட 20 ஆயிரம்.

பெருசா எழுத பொறுமை இல்ல, சீக்கிரம் சொல்லிடறேன். ட்ரான்ஸ்ஃபர் பண்ணச் சொன்னா ஓடிடுங்க. வாங்கற அன்னைக்கே விளம்பரப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. முடிஞ்சா கடைக்கே போய் தடி சாக்ஸோட போட்டுப் பாருங்க, உள்சோலைத் தூக்கி ஓட்டையை அடைச்சிருக்கான்னு பாருங்க. முன்சக்கரத்துல நீளமான மட்கார்டு மாட்டுங்க, பாதித் தண்ணி அதுலயே நிக்கும், விலையும் கம்மி. நனைஞ்சா நியூஸ்பேப்பர் திணிங்க, ரேடியேட்டர் மேல வைக்காதீங்க, பசை விட்டுடும்.

இலவசமா ஆலோசனை சொல்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல சொல்லியாச்சு. ஸ்மால் கிளெய்ம்ஸ் (சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட்) போகணும்னா 35 பவுண்டு ஃபீஸ் முதல்ல கட்டணுமாம், அதையும் கட்டத்தான் போறேன். இதே மாதிரி க்ளியரன்ஸ் கடைல, இதே மாதிரி பேசற ஆள்கிட்ட மாட்டினவங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, ஸ்க்ரீன்ஷாட் வச்சிருந்தீங்கன்னா அழிச்சுடாதீங்க.