'லைஃப்டைம் பேக்கப்' அட்டையோடு கடைக்காரத் தம்பி வந்தால்

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு வாத்தியார் கையில் ஒரு மஞ்சள் அட்டையோடு வந்தார். '5 டிபி கிளவுட் பேக்கப். ஒரே தடவை 2,999 ரூபாய். லைஃப்டைம்.' கிளவுட் என்றால் நம் ஃபைல்களை இணையம் வழியாக வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வைப்பது, 5 டிபி என்றால் சுமார் 5,000 ஜிபி இடம். பேரன் பேத்தி போட்டோ எல்லாம் போட்டு வைக்கலாமே, வாங்கட்டுமா என்று கேட்டார். அட்டையில் கடை முத்திரையைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. என்னிடம் 2020-ல் 2,500 வாங்கிய அதே கடை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம்தான் இருக்கிறது, பெயர் போடவில்லை. எனக்கு நடந்ததை இத்தனை நாள் வெட்கப்பட்டு வெளியில் சொல்லாமல் இருந்தேன். வாத்தியார் வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். கோயில் நாங்குநேரிப் பக்கம். அப்பாவுக்குக் கொடை, அதாவது கோயில் திருவிழா, என்றால் உயிர். 1986-லிருந்து அதில் பாடுகிற வில்லிசையையும் ஆடுகிற கணியான் கூத்தையும் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார், மொத்தம் 41 கேசட். வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிந்ததால் பாட்டைவிடக் குடத்தின் சத்தம்தான் தூக்கலாகக் கேட்கும். நடுவில் யாரோ 'ஏல, அந்தச் சுக்குத் தண்ணிய இங்க கொண்டா' என்று சத்தம் போடுவதும் கேட்கும். அதை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அப்புறம் நானே எடுத்த கொடை வீடியோக்களும் சேர, 340 ஜிபி ஆகிவிட்டது.

ஊரடங்கு நேரம். பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, டி டிரைவ் நிரம்பி சிவப்புக்கோடு காட்டியது. கடைக்காரத் தம்பி வீட்டுக்கே வந்தான். "அண்ணாச்சி, அன்லிமிடெட் அக்கவுண்ட் ஒண்ணு போட்டுத் தாரேன். ஹார்ட் டிஸ்க் எதுக்கு உங்களுக்கு?" என்றான். ஏதோ சாஃப்ட்வேர் போட்டான், புதிதாக ஜி டிரைவ் என்று ஒன்று வந்தது. "பழசு எல்லாத்தையும் கட் பண்ணி இதுல போட்டுருங்க, டி டிரைவ் காலியாயிரும்" என்றான். நான் கட் பண்ணிப் போட்டேன். காப்பி பண்ணவில்லை, கட். இந்த இடத்தை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும். எங்கள் வீட்டு இணையத்தில் அப்லோடு வேகம் வினாடிக்கு 4 மெகாபிட்தான், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். வினாடிக்கு அரை எம்பி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 340 ஜிபி ஏறி முடிய ராப்பகலாக எட்டு நாள். நடுவில் கரண்ட் போனது தனி.

அது என்ன அக்கவுண்ட் என்று அன்று நான் கேட்கவில்லை. மெயில் முகவரியில் அட் குறிக்கு அப்புறம் வாயில் நுழையாத ஒரு கல்லூரிப் பெயர், கடைசியில் இ-டி-யு. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் மாணவர் கணக்கு அது. அந்தக் காலத்தில் கூகுள் கல்லூரிகளுக்கு அளவில்லாத இடம் இலவசமாகக் கொடுத்து வந்தது. அதில் எப்படியோ கணக்கு உருவாக்கி ஆளுக்கு ஒன்றாக விற்பது ஒரு வியாபாரமாகவே நடந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அந்தச் சலுகையை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையிலிருந்து ஒரு கல்லூரிக்கு மொத்தமே 100 டிபி, அதையும் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கல்லூரிக்காரன் சும்மா இருப்பானா? முன்பின் தெரியாத கணக்குகளைத்தான் முதலில் வெட்டுவான். செய்தியில் எல்லாம் வந்த சங்கதிதான். நான் வாசிக்கவில்லை. விற்ற தம்பிக்குத் தெரியாமல் இருக்காது.

2023 ஆகஸ்டில் கம்ப்யூட்டர் போடும்போதெல்லாம் 'சைன் இன்' என்று ஒரு பெட்டி வர ஆரம்பித்தது. பாஸ்வேர்டு தம்பியிடம்தான் இருந்தது. அவனுக்குப் போன் போட்டால் ஏதாவது காசு கேட்பான் என்று பெருக்கல் குறியைத் தட்டித் தட்டி மூடினேன். நாலு மாதம்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையைப் பற்றி நம்ம பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீடு சிந்துபூந்துறையில், ஆத்தங்கரைக்குக் கூப்பிடு தூரம். பிள்ளைகளையும் பத்திரங்களையும் மாடிக்கு ஏற்றினோம். கம்ப்யூட்டரைத் தூக்க ஆள் இல்லை. கட்டிலுக்கு அடியில் தகர டிரங்குப் பெட்டியில் 41 கேசட். "விடுங்க, அதான் கிளவுட்ல இருக்குல்லா" என்று வீட்டுக்காரியிடம் சொன்னது நான்தான்.

தண்ணீர் வடிந்து, சேறு வழித்து, மருமகனின் லேப்டாப்பில் உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது.

கடைக்கு ஓடினேன். தம்பி அலட்டிக்கொள்ளாமல் சொன்னான்: "அண்ணாச்சி, லைஃப்டைம்னா உங்க லைஃப்டைம் இல்ல, அந்த அக்கவுண்ட்டோட லைஃப்டைம்." அந்த வார்த்தைக்கே அவனை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை, ஏனென்றால் நனைந்த ஹார்ட் டிஸ்கும் கையில் இருந்தது. கட் பண்ணிப் போட்டதற்கு அப்புறம் எடுத்த வீடியோக்கள் அதில்தான். அதையும் அவனிடமே கொடுத்தேன் பாருங்கள், என்னை என்னவென்று சொல்ல. முடி காய வைக்கும் மெஷினால் காய வைத்து, வயரைச் சொருகி, கரண்ட் கொடுத்தான். டிக் டிக் என்று நாலு தடவை. அவ்வளவுதான். அதற்கும் 1,200 ரூபாய்.

பிறகு சென்னையில் டேட்டா மீட்கிற லேப் ஒன்றுக்கு அனுப்பினோம். உள்ளே சேறு இருக்கும்போதே ஓட விட்டதால் டிஸ்குக்குள் சுழலும் தட்டில் கோடு விழுந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே சொன்னது உங்களுக்கு உதவும்: வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்கைத் தவறியும் ஓட விடக்கூடாது. வெயிலில் வைக்கக்கூடாது, அரிசிப் பானையிலும் போடக்கூடாது. காய்ந்தால் சேறு உள்ளே ஒட்டிக்கொள்ளுமாம். ஈரம் போகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்படியே லேப்புக்கு அனுப்ப வேண்டும்.

காசு விஷயம். பில் கிடையாது, ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் சாட்சி. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். பிறகு வக்கீல் நோட்டீஸ் விட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்றார் வக்கீல். நோட்டீஸ் போன மூன்றாம் நாள் 2,500 திரும்பி வந்தது. 1,200 வரவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். விட்டதால்தான் அட்டை இப்போது வாத்தியார் வீடு வரை வந்திருக்கிறது என்று மருமகன் திட்டுகிறான். அதுவும் சரிதான்.

வாத்தியாருக்குக் கொடுக்க இருந்த கணக்கையும் பார்த்தோம். இந்தத் தடவை வேறு நாட்டுக் கல்லூரி. அட் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் படிக்காத கல்லூரி, நீங்கள் வேலை பார்க்காத கம்பெனி என்றால் அந்த இடம் உங்களுடையது இல்லை. அதன் நிர்வாகி நினைத்த நேரத்தில் அழிக்கலாம், திறந்தும் பார்க்கலாம். ஆதார், பட்டா எல்லாம் அதில் போட்டு வைத்திருப்பவர்கள் யோசியுங்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால் இன்றைக்கே எல்லாவற்றையும் இறக்கி வேறு டிஸ்கில் வையுங்கள்.

மருமகனுக்கு டெக் செய்தி என்றால் பைத்தியம். தென்கொரியாவில் 2025 செப்டம்பரில் அரசாங்க டேட்டா சென்டர் தீப்பிடித்ததைச் சொன்னான். அரசு ஊழியர்கள் கோப்பு வைக்கிற 858 டிபி போயே போய்விட்டது, இடம் பெரிது என்று வெளியே இன்னொரு பிரதி எடுக்காமலே விட்டிருக்கிறார்கள். "அதுக்கும் பேரு ஜி டிரைவ்தான் மாமா" என்றான். அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தேன்.

இப்போது என் பெயரிலேயே, நானே மாதக் காசு கட்டுகிற கணக்கு ஒன்று. பாஸ்வேர்டு என்னிடம். வெளி டிஸ்க் இரண்டு. ஒன்று வீட்டில், இன்னொன்று பாளையங்கோட்டையில் தங்கச்சி வீட்டு மாடியில். மாதத்தில் முதல் ஞாயிறு ஏதாவது ஒரு ஃபைலைப் போனில் இறக்கி, ஓடுகிறதா என்று முழுசாகக் கேட்கிறேன். வைக்கத்தான் பெரிதாக ஒன்றும் இல்லை. மும்பை மச்சான் பென் டிரைவில் கொண்டுபோயிருந்த 2014 கொடை மட்டும் தப்பியது, 11 ஃபைல்.

நாங்குநேரிப் பக்கம் எங்கள் கொடைக்கு வந்தவர்கள் யாராவது 2009, 2011, 2016-ல் போனிலோ கேமராவிலோ ஐந்து நிமிஷம் எடுத்திருந்தாலும் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கணியான் கூத்துக்கு அடிக்கிற மகுடம் என்கிற பறையின் சத்தம் இருந்தால் போதும். பென் டிரைவோடு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.