எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘இதயம் காப்போம்’ திட்டம்

கடந்த மார்கழியில் ஒரு விடியற்காலை, நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல் இருக்கிறது என்று சொல்லி அப்பா வியர்த்துக் கொட்டி உட்கார்ந்தபோது, வாயுப் பிடிப்பு என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்து அரை மணி நேரத்தை வீணாக்கினோம். பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம்.

பணியிலிருந்த செவிலியர் இசிஜி எடுத்து, அந்தத் தாளைக் கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவருக்கு அனுப்பினார். மாரடைப்பு என்று அவர் சொன்னவுடன், தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, செவிலியர் ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு என 14 மாத்திரைகளை அப்பாவின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். முதல் இரண்டும் ரத்தத் தட்டணுக்கள் மேலும் ஒட்டி ரத்தக்கட்டி பெரிதாவதைத் தடுப்பவை, மூன்றாவது கொழுப்பைக் குறைப்பது; ஆனால் இந்த முதல் தவணை மருந்து, இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் சிகிச்சைக்கு மாற்று அன்று; ஆகவே உடனே 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். எல்லாம் இலவசம்.

குறையும் உண்டு. இசிஜி தாள் தீர்ந்துபோய்ப் புதுச் சுருளைத் தேடி எடுப்பதற்குள் ஐந்து நிமிடம் போயிற்று. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது என்பதால் இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பின்னர் மாதாந்திரப் பரிசோதனைக்குச் சென்றபோது “உப்பைக் குறையுங்கள்” என்று மட்டும் சொன்னார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று பெயர் சொல்லி விளக்கியிருந்தால் அப்பாவுக்கு அன்றே புரிந்திருக்கும்.