எச்சரிக்கை: சிங்கப்பூரில் கடைசி நாளன்று கைபேசி வாங்கப் போகிறவர்களுக்கு

கடந்த வாரம் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குச் சென்று திரும்பினோம். ஊர் திரும்பும் நாளன்று, விமானம் ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்பு, ஒரு கைபேசிக் கடையில் எங்களிடமிருந்து 680 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்) பிடுங்கிக்கொண்டார்கள். நம் பணத்தில் ஏறத்தாழ 45,000 ரூபாய். இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரையோ அது இருக்கும் கட்டடத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. சுற்றுலாப் பயணிகளை நம்பியே நடக்கும் சிறிய கைபேசி, கேமராக் கடை என்பது மட்டும் போதும். நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டு, போகப் போகிறவர்களுக்கான எச்சரிக்கைகளைக் கடைசியில் எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பயணத்தின் கடைசி நாள் எப்படி இருக்கும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். நண்பகலுக்குள் விடுதி அறையைக் காலி செய்துவிட வேண்டும், விமானமோ இரவில்தான். பெட்டிகளை விடுதி வரவேற்பறையில் விட்டுவிட்டு, என் கணவர், மாமியார், மகள், மகன், நான் ஆகிய ஐவரும் சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தோம். வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, சொந்தக்காரர்களுக்குக் கோடாலித் தைலம், சாக்லேட், பேரீச்சம்பழம் எல்லாம் வாங்கி முடித்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. மீதமிருந்த ஒரே வேலை, கல்லூரியில் சேரவிருக்கும் மகளுக்குக் கைபேசி வாங்குவது. அதற்கென்று ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்திருந்த பணம் அது. ஐந்து பேர் சாதாரண டாக்சியில் ஏற முடியாது என்பதால், மாலை ஏழு மணிக்கு விடுதி வாசலுக்கு வரும்படி ஒரு பெரிய வண்டியை முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம்.

இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு அந்தக் கடைக்குள் நுழைந்தோம். கல்லாவில் நின்றவர் எங்கள் பேச்சைக் கேட்டதுமே தமிழில் பேச ஆரம்பித்தார். மாமியார் கால் வலியோடு நிற்பதைப் பார்த்து, "அம்மா, நீங்க உக்காருங்க" என்று முக்காலியை இழுத்துப் போட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், எந்த ஊர் என்று கேட்டார். திருச்சிப் பக்கம் என்றதும், "நானும் நம்ம பக்கம்தான் அக்கா" என்றார். மகள் என்ன படிக்கப் போகிறாள் என்று விசாரித்தார். பெட்டியின் முத்திரையைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்து, நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். விலை 1,150 வெள்ளி என்றார். மற்ற கடைகளில் சொன்னதைவிட அது சற்றுக் குறைவு, ஆனால் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு இல்லை. இத்தனைக்கும் நடுவே, மிகச் சாதாரணமாக, "ஃபிளைட் எத்தனை மணிக்கு அண்ணே?" என்று என் கணவரிடம் கேட்டார். அவர் நேரத்தைச் சொன்னார். வண்டி ஏழு மணிக்கு வருகிறது என்பதையும் சொன்னார். ஊர்க்காரர் அக்கறையோடு கேட்கும்போது வேறென்ன சொல்வது?

அடுத்த ஒரு மணி நேரம் முழுவதும் அந்த ஒரு பதிலை வைத்துத்தான் நடத்தப்பட்டது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

கடன் அட்டையில் 1,150 வெள்ளி செலுத்தினோம். ரகசிய எண்ணை அழுத்தி, சீட்டு வந்து, பணம் போய்விட்ட செய்தியும் கைபேசிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் ஒரு படிவத்தை எடுத்தார். விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறுவதற்கும் உத்தரவாதத்தைப் பதிவு செய்வதற்கும் இது வேண்டும் என்று சொல்லி, கடவுச்சீட்டு எண்ணை எழுதிக்கொண்டு, இரண்டு இடங்களில் கையெழுத்து வாங்கினார். பொடி எழுத்தில் ஒரு பக்கம் முழுவதும் ஆங்கிலம். தொகை எழுதும் கட்டம் அப்போது காலியாகவே இருந்தது. என் மகள் அதைப் பார்த்திருக்கிறாள், நானும் பார்த்தேன். பிறகு கைபேசியை இயக்கித் தருவதாகச் சொல்லி உள்ளே எடுத்துச் சென்றார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர் அவரல்லர், தமிழ் தெரியாத இன்னொருவர். அவர் கையிலிருந்த படிவத்தில் அந்தக் கட்டத்தில் 980 வெள்ளி என்று எழுதப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டு சர்வதேச உத்தரவாதத்துக்கான கட்டணமாம். நாங்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டுவிட்டோமாம். அதைக் கட்டினால்தான் கைபேசியைக் கொடுப்பார்களாம்.

உத்தரவாதமே வேண்டாம், கைபேசியைக் கொடுங்கள் என்றோம். பதிவு செய்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். அப்படியானால் கைபேசியும் வேண்டாம், 1,150 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள் என்றோம். பெட்டி பிரிக்கப்பட்டுவிட்டது, பணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார். எங்களிடம் தமிழில் பேசியவரைத் தேடினால், அவர் கடையின் ஓரத்தில் நின்று தலையைக் குனிந்தபடி வேறு ஏதோ பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் குரலை உயர்த்தி, காவல்துறையை அழைப்பேன் என்றார். தாராளமாக அழையுங்கள், அவர்கள் வந்து இது சிவில் விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பார்கள், உங்கள் விமானம் இன்று இரவு அல்லவா என்று அந்த ஆள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் கேட்டார். எங்கள் விமான நேரம் அவருக்கு எப்படித் தெரிந்தது? நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை.

மகன் அழத் தொடங்கிவிட்டான். மாமியார் மாலை மாத்திரை போட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, மாத்திரையோ விடுதியில் விட்ட பெட்டிக்குள் இருந்தது. மணி ஆறை நெருங்கியது. அப்போது தமிழ் பேசியவர் மெல்ல வந்து, "நம்ம ஊர்க்காரங்களாச்சே, முதலாளிகிட்ட பேசிக் குறைச்சுத் தரேன்" என்றார். உள்ளே போய் வந்து, 680 வெள்ளி கட்டினால் போதும், அதிலும் பெரும்பகுதி விமான நிலையத்தில் வரித் தொகையாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். 1,150 வெள்ளியை அப்படியே விட்டுவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறுவது, இல்லையென்றால் 680 வெள்ளியைக் கட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டு ஓடுவது, இவை இரண்டைத் தவிர வேறு வழி எங்களுக்கு விடப்படவில்லை. கட்டினோம். 1,150 வெள்ளிக்குப் பேசிய பொருளுக்கு 1,830 வெள்ளி போனது.

சாங்கி விமான நிலையத்தில் அடுத்த பொய்யும் வெளுத்தது. சுற்றுலாப் பயணிகளுக்கான வரித் திருப்பத்தைத் தானியங்கி இயந்திரத்தில் கடவுச்சீட்டை வைத்து நாமே கோர வேண்டும். தகுதியுள்ள கடைகளில் வாங்கியவை எல்லாம் திரையில் வரிசையாக வரும். நாங்கள் சாக்லேட் வாங்கிய பெரிய கடையின் ரசீது ஒழுங்காக வந்தது, கைபேசிக் கடையின் ரசீது ஒன்றுகூட வரவில்லை. உதவிக்கு நின்றிருந்த பெண் ஊழியர் எங்கள் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் வரிப் பதிவு எண்ணே இல்லை, இந்தக் கடை திட்டத்தில் சேர்ந்த கடையாகத் தெரியவில்லை என்று பொறுமையாக விளக்கினார். சிங்கப்பூரின் பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. நேர்மையான கடையில் வாங்கியிருந்தாலும் 1,150 வெள்ளிப் பொருளுக்கு வரியாகத் திரும்பக்கூடியது 95 வெள்ளிக்கு மேல் இராது, அதிலும் சேவைக் கட்டணத்தைக் கழிப்பார்கள். உத்தரவாதம் போன்ற சேவைகளுக்கு இந்தத் திருப்பம் கிடையவே கிடையாது. 680 வெள்ளியில் பெரும்பகுதி திரும்பும் என்று அந்த மனிதர் சொன்னது, தெரிந்தே சொன்ன பொய்.

அங்கிருந்தே ரசீதிலிருந்த எண்ணுக்கு அழைத்தோம். முதலாளி இல்லை, நாளை பேசுங்கள் என்றார்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு அழைத்தபோது மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியதற்குப் பதில் இல்லை. வாட்ஸாப்பில் கேட்டதற்கு, அசல் ரசீதோடு நேரில் வந்தால் பரிசீலிக்கலாம் என்று ஒரு வரி வந்தது. திருச்சியிலிருந்து நேரில் வர வேண்டுமாம்! மறுபடி எழுதியதற்கு, கையெழுத்திட்ட படிவத்தின் படத்தை அனுப்பிவிட்டு எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். வங்கியில் முறையிட்டோம். ரகசிய எண்ணை நீங்களே அழுத்தியிருப்பதால் இது உங்கள் ஒப்புதலோடு நடந்த பரிமாற்றம், இருந்தாலும் மறுப்பைப் பதிவு செய்துகொள்கிறோம், முடிவு தெரிய நாளாகும் என்றார் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர். கைபேசி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்கு அந்த உத்தரவாதச் சான்றிதழை எடுத்துப் போனபோது, இந்தத் தாளுக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை, நிறுவனம் தரும் ஓராண்டு உத்தரவாதம் கைபேசியோடு இலவசமாகவே வருகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆக, 680 வெள்ளிக்கு எங்கள் கையில் இருப்பது ஓர் அட்டைத் துண்டு.

இது புதிய தந்திரமும் அன்று. 2014-இல் வியட்நாமிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர், சிங்கப்பூரில் 950 வெள்ளி கொடுத்துக் கைபேசி வாங்கிய பின், உத்தரவாதத்துக்காக மேலும் 1,500 வெள்ளி கேட்கப்பட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்குள்ளேயே முழந்தாளிட்டு அழுதார். அந்தக் காட்சி உலகமெங்கும் பரவியது, கடைக்காரர் மறு ஆண்டு சிறைக்குப் போனார். விமானத்துக்காகக் காத்திருந்தபோது என் மகள் இதைத் தேடி எடுத்துக் காட்டினாள். பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அதே படிவம், அதே கையெழுத்து, அதே பேச்சு. ஏமாந்தவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இத்தனை ஆண்டு பழகித் தேர்ந்த ஒரு கூட்டம், நம் மொழியில் பேசி, நம் வீட்டு முதியவருக்குத் தண்ணீர் கொடுத்து இதைச் செய்யும்போது, குற்றம் முழுவதும் அவர்களுடையதுதான்.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது, அந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை என்பதுதான். சிறு தொகை வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் வைக்க அனுமதி இல்லை என்பதால் அந்தச் செலவும் இல்லை. சுற்றுலாப் பயணிகளின் வழக்குகளை விரைந்து கேட்கவும் வழி செய்திருக்கிறார்கள். நியாயமற்ற வணிகத்துக்கு எதிரான சட்டமும், நுகர்வோர் சங்கமும் உண்டு. ஒரே ஒரு பகல் கூடுதலாக எங்களுக்கு இருந்திருந்தால், மறுநாள் காலை அந்தத் தீர்ப்பாயத்தின் வாசலில் நின்றிருப்போம். அந்த ஒரு பகல் எங்களிடம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

எச்சரிக்கைகளை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் நிலைகொள்ளவில்லை, முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். விலையுயர்ந்த பொருள் எதையும் கடைசி நாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள், முதல் நாளே வாங்குங்கள். விமான நேரத்தைக் கடைக்காரர் எவரிடமும் சொல்லாதீர்கள், கேட்டால் இன்னும் ஒரு வாரம் இருப்போம் என்று சொல்லுங்கள். பணம் கட்டிய பிறகு நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், கைபேசியைக் கண்ணை விட்டு அகல விடாதீர்கள். கைபேசியை நிறுவனத்தின் சொந்தக் கடையிலோ பெரிய அங்காடியிலோ வாங்குங்கள். ரசீதில் வரிப் பதிவு எண் இல்லாவிட்டால் வரித் திருப்பம் என்ற பேச்சையே நம்பாதீர்கள்.

அந்த நுகர்வோர் சங்கத்துக்கும், வணிகப் போட்டியையும் நுகர்வோர் நலனையும் கவனிக்கும் ஆணையத்துக்கும் ரசீது, படிவம், வாட்ஸாப் பதில்கள் அனைத்தையும் இணைத்து எழுதி அனுப்பிவிட்டோம். 680 வெள்ளி திரும்பும்வரை விடப் போவதில்லை. இதே போன்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்த்தே புகார் கொடுப்போம்.